கையடக்கக் கருவியிலும் இழைவான பேஸ் எழும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய கையடக்க வீடியோ கேம் கருவிகளில் இசையமைக்கும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிப்டியூன் எனப்படும் இந்த இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இடம் ஒதுக்கியதே பெரிய செய்தி. அதற்கு முதலில் என் நன்றி. ஆனால், இக்கருவிகளால் கீச்சொலிகளைத்தான் எழுப்ப முடியும், பேஸ் (பாடலுக்கு அடித்தளமாக நிற்கும் ஆழ்ந்த ஒலி) என்று சொல்லத்தக்க எதுவும் இவற்றில் கிடையாது, கிடைத்தாலும் அது கரகரப்பாகத்தான் இருக்கும் என்று அக்கட்டுரை சென்றடையும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. திருவாரூரில் ஒலிபெருக்கி நிலையம் நடத்துபவன் என்ற முறையிலும், ஓய்வு நேரங்களில் கேம் பாய் கருவியில் இசையமைத்து வருபவன் என்ற முறையிலும், அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் களையலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். டெல்டாவில் இக்கருவிகளை வைத்திருக்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்த உறவினர்களின் பெட்டிகளில் வந்து சேர்ந்து, இப்போது பரணில் கிடக்கும் கருவிகள் கூத்தாநல்லூர், நாகூர்ப் பகுதிகளில் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை எடுத்துத் தூசு தட்டி ஒலிக்கவிடும் ஒரு மாணவர், இதில் பேஸ் வராது என்று நாளிதழில் படித்துவிட்டு மறுபடியும் பரணில் போட்டுவிடக்கூடாது என்பதே என் கவலை.

நின்டென்டோ நிறுவனம் 1989-ஆம் ஆண்டு வெளியிட்ட கேம் பாய் கருவியில் ஒலி எழுப்புவதற்கு நான்கு சேனல்கள் உள்ளன. முதல் இரண்டும் சதுர அலை எழுப்புபவை. மூன்றாவது, நாமே வரைந்து கொடுக்கும் அலையை வாசிக்கும் வேவ் சேனல். நான்காவது, தாளத்துக்கு உதவும் இரைச்சல் சேனல். இதில் இசையமைப்பதற்கென்று ஜெர்மனியின் ஆலிவர் விட்சோவ் 1998-ஆம் ஆண்டில் உருவாக்கிய நானோலூப், அதையடுத்து சுவீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி உருவாக்கிய லிட்டில் சவுண்ட் டிஜே ஆகிய மென்பொருள்கள், கேம் கேசட் வடிவிலேயே கருவியில் செருகிப் பயன்படுத்தத்தக்கவை. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மெட்டையும் பேஸையும் சதுர அலைச் சேனல்களிலேயே அமைத்துவிடுகிறார்கள். கட்டுரையாளர் கேட்டதும் அப்படி அமைந்த இசையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஏனெனில் அவர் சொல்லும் குறைகள் யாவும் சதுர அலைச் சேனலுக்கு அப்படியே பொருந்துகின்றன.

அச்சேனல்களால் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவே முடியாது. நம் கணக்கில் இதற்கு என்ன பொருள் என்பதைப் பார்ப்போம். சுருதி 2 கட்டை என்று வைத்துக்கொண்டால் ஆண்குரலின் மத்திய ஸட்ஜம் 146.8 ஹெர்ட்ஸ், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள மந்தர ஸட்ஜம் 73.4 ஹெர்ட்ஸ். அங்கிருந்து இன்னும் இறங்கினால் காகலி நிஷாதம் 69.3, கைசிகி நிஷாதம் 65.4, அதோடு தரை தட்டிவிடுகிறது. சதுச்ருதி தைவதம் 61.7 ஹெர்ட்ஸ் என்பதால் அது கிட்டாது. பஞ்சமத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். மந்தர ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டு, அதற்குக் கீழே இரண்டே நிஷாதங்களோடு நின்றுவிடும் ஒரு வாத்தியத்தில் எந்தப் பாடலுக்கும் அடித்தளம் அமைக்க முடியாது. அது மட்டுமன்று, எந்தச் சுரத்திலும் அடிச்சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களில் மேற்சுரங்களும் உடன் எழுவதுண்டு; சதுர அலையில் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது என்று ஒற்றைப்படை மடங்குகளிலான மேற்சுரங்கள் வலுவாக நிற்கின்றன. அடிச்சுரத்தின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று அவை மெல்லத்தான் குறைகின்றன. மேல் ஸ்தாயியில் மெட்டுக்குத் துலக்கம் தரும் அதே மேற்சுரங்கள், கீழே இறங்கியதும் ரீங்காரமாகவும் கரகரப்பாகவும் காதில் விழுகின்றன.

மூன்றாவது சேனலான வேவ் சேனல் இந்த இரண்டு கட்டுகளையும் அவிழ்த்துவிடுகிறது. அது 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதாவது சதுர அலையைவிட ஒரு முழு ஸ்தாயி ஆழமாகச் செல்லும். 2 கட்டையின் அனுமந்தர ஸட்ஜமான 36.7 ஹெர்ட்ஸ் அதற்குள் வந்துவிடுகிறது. மேலும், அலையின் வடிவத்தை நாமே தீர்மானிக்கலாம். ஒரு சுற்றுக்கு 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 15 வரை 16 மட்டங்கள், அனைத்தும் சேர்ந்து 16 பைட்டுகள்: இவ்வளவுதான் அந்தச் சேனலின் மொத்த மூலதனம். மிருதங்க வித்வான் மேடையேறுமுன் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பி, கூட்டியும் குறைத்தும் நாதத்தைப் பதப்படுத்துவது போன்ற வேலை இந்த 32 புள்ளிகளில் இருக்கிறது. அதைச் செய்யாமல் கருவியைக் குறை சொல்வது சரியன்று.

எந்த வடிவத்தை வரைவது என்பதில்தான் பலரும் திணறுகிறார்கள். ரம்பப் பல் அலையை வரைந்தால் ஒற்றை, இரட்டை என்ற வேறுபாடின்றி எல்லா மேற்சுரங்களும் வந்து சேர்ந்து சதுர அலையைவிட அதிகமாகக் கரகரக்கும். இழைவு வேண்டுமென்றால் முதலில் முயல வேண்டியது முக்கோண அலை. அதன் மூன்றாவது மேற்சுரம் அடிச்சுரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. ஐந்தாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. 16 மட்டங்களில் ஏறி 16 மட்டங்களில் இறங்கினால் 32 புள்ளிகளும் மிச்சமின்றி நிறைந்துவிடுவதால், இந்த இயந்திரத்துக்கென்றே அளவெடுத்ததைப் போல அது பொருந்தியும் விடுகிறது. சைன் அலை இதைவிட மென்மையானதாயிற்றே என்று கேட்கலாம். தாளில் அது உண்மை. ஆனால் வெறும் 16 மட்டங்களுக்குள் சைன் வளைவை அடைக்கும்போது ஒவ்வொரு புள்ளியையும் அருகிலுள்ள மட்டத்துக்கு ஏற்றியோ இறக்கியோ வைக்க வேண்டியிருப்பதால், அந்தப் பிசகுகளே புதிய மேற்சுரங்களாக முளைத்துவிடுகின்றன. எதிர்பார்த்த அளவு மென்மை கிடைப்பதில்லை.

ஆயினும் முக்கோண அலைக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது நடைமுறைச் சிக்கல். சிறிய ஸ்பீக்கர்களிலும் கைப்பேசியிலும் அது காணாமற்போய்விடும். கைப்பேசியின் ஒலிப்பான் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. 73.4 ஹெர்ட்ஸ் அடிச்சுரம் அதில் வராது. மூன்றாவது மேற்சுரமான 220 ஹெர்ட்ஸும் ஒன்பதில் ஒரு பங்கு வலிமையோடுதான் இருக்கிறது என்பதால் அதுவும் எடுபடாது. மனிதக் காதுக்கு ஓர் அரிய திறன் உண்டு. அடிச்சுரம் வராவிட்டாலும், அதன் மேற்சுரங்கள் சீராக வந்தால், விடுபட்ட அடிச்சுரத்தைக் காது தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஆகவே, கைப்பேசிக்கு இது போதாது என்றாலும், சிறிய ஸ்பீக்கர்களை மனத்தில் கொண்டு, முக்கோணத்தைப் போல மேற்சுரங்களை ஒரேயடியாக ஒடுக்காமல், இரண்டாவது மேற்சுரத்தை மட்டும் அளவோடு சேர்த்துக்கொள்வதே என் பரிந்துரை. இரண்டாவது மேற்சுரம் அடிச்சுரத்தின் மேல் ஸட்ஜமே என்பதால் அது எந்த ராகத்தோடும் முரண்படுவதில்லை. அடிச்சுரத்தோடு இரண்டாவது மேற்சுரத்தைப் பத்தில் நான்கு பங்கு வலிமையில் கூட்டிக் கணக்கிட்டால் கிடைக்கும் 32 எண்கள் இவை:

9, 11, 12, 14, 15, 15, 15, 14, 13, 12, 11, 10, 9, 8, 8, 8, 7, 7, 7, 6, 5, 4, 3, 2, 1, 0, 0, 0, 1, 3, 4, 6.

மென்பொருளின் அலை வரையும் திரையில் இவற்றை வரிசையாக உள்ளிட்டு, மந்தர ஸட்ஜத்தை நீளமாக ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். சதுர அலையிலிருந்து நேராக இதற்கு மாறிக் கேட்பவருக்கு வேறுபாட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்து, வடிவம் நன்றாக அமைந்த பிறகும் மெல்லிய இரைச்சல் ஒன்று மிஞ்சும். அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். நாம் வரைந்தது வளைவாகத் தோன்றினாலும் கருவி வாசிப்பது 32 படிகள் கொண்ட படிக்கட்டையே. 73.4 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்தில் அந்தப் படிகள் நொடிக்கு ஏறத்தாழ 2,350 முறை மாறுகின்றன. எனவே அந்த எண்ணுக்குச் சற்று முன்னும் பின்னுமாக, 31-ஆவது, 33-ஆவது மேற்சுரங்களின் இடத்தில், இரண்டு நிழல் ஒலிகள் எழுகின்றன. காது கூர்மையாக இருக்கும் பகுதி அது. இதைப் புள்ளிகளைத் திருத்திப் போக்க முடியாது. வெளியே வடிகட்டித்தான் போக்க வேண்டும். 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.22 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றும் இருந்தால் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலொலிகளை மட்டுப்படுத்தும் வடிகட்டி தயாராகிவிடும். நான் சொன்ன நிழல் ஒலிகள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே அடங்கும். இரண்டும் சில ரூபாய்க்கு எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைப்பவை.

ஆனால் அந்த வடிகட்டியைக் கருவியின் மொத்த வெளியீட்டில் வைத்தால் மெட்டும் தாளமும் சேர்ந்து மங்கிவிடும் அல்லவா? இங்கே கேம் பாயின் ஓர் அமைப்பு கைகொடுக்கிறது. அதன் நான்கு சேனல்களில் ஒவ்வொன்றையும் இடப்பக்கம் மட்டும், வலப்பக்கம் மட்டும், அல்லது இருபக்கமும் என்று தனித்தனியே திருப்பிவிடலாம். வேவ் சேனலை இடப்பக்கம் மட்டும் அனுப்பி, மற்ற மூன்றையும் வலப்பக்கம் அனுப்பினால், ஒரே ஹெட்போன் துளையிலிருந்து பேஸ் தனியாகவும் மற்றவை தனியாகவும் வந்துவிடும். மிக்சரில் இரண்டு பாதைகளில் அவற்றை ஏற்றி, இடப்பக்கத்துக்கு மட்டும் வடிகட்டியை வைத்து, இரண்டையும் நடுவில் சேர்த்துவிடலாம். ஸ்டீரியோ விரிவு போய்விடும் என்பது உண்மைதான். திருவிழா மேடையில் எல்லாப் பாக்ஸுக்கும் ஒரே ஒலியையே அனுப்பும் நம் ஊர் வழக்கத்தில் அது ஓர் இழப்பாகவே தெரியாது.

கட்டுரையாளர் குறிப்பிட்ட இன்னொரு குறை, சுரம் மாறும் இடங்களில் கேட்கும் டிக் என்ற ஓசை. இது கற்பனையன்று. வேவ் சேனலுக்குச் சதுர அலைச் சேனல்களைப் போல ஒலி தானாகத் தேய்ந்து அடங்கும் வசதி கிடையாது. அதன் ஒலி அளவு முழுமை, பாதி, கால், நிறுத்தம் என்ற நான்கே நிலைகளில்தான் மாறும். எனவே பேஸ் சுரத்தைத் தட்டியவுடன் சற்றுத் துலக்கமாகவும் போகப் போக மழுங்கலாகவும் ஒலிக்கச் செய்ய விரும்புபவர்கள், லிட்டில் சவுண்ட் டிஜேயில் ஒன்றன்பின் ஒன்றாகப் 16 அலைச் சட்டங்களை (ஒரு சட்டம் என்பது 32 புள்ளிகள் கொண்ட ஒரு முழு அலை வடிவம்) வரைந்து, சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அவற்றை மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஆனால் 1989-ஆம் ஆண்டின் கருவியில், வேவ் சேனல் வாசித்துக்கொண்டிருக்கும்போது அதன் நினைவகத்தில் விருப்பம்போல எழுத முடியாது. சேனலை நிறுத்தாமலே மறுபடி தொடக்கினால் முதல் சில பைட்டுகள் சிதைந்துபோகக்கூடும் என்ற கோளாறும் உண்டு. ஆகவே மென்பொருள் சேனலை ஒரு நொடிப்பொழுது நிறுத்தி, புதிய சட்டத்தை எழுதி, மீண்டும் தொடக்குகிறது. அந்த இடைவெளியில் மின்னழுத்தம் துள்ளுவதைத்தான் நாம் டிக் என்று கேட்கிறோம்.

இதைக் குறைக்க வழிகள் உள்ளன. சேனல் நிறுத்தப்படும்போது வெளியீடு நடு மட்டத்துக்குத் திரும்புவதால், ஒவ்வொரு சட்டமும் 7, 8 ஆகிய நடு மட்டங்களுக்கு அருகில் தொடங்கி அருகிலேயே முடிய வேண்டும். நான் மேலே கொடுத்த வரிசை 9-இல் தொடங்கி 6-இல் முடிவது இதன் பொருட்டே. முக்கோண அலையை வரைபவர்களும் 0-இலிருந்து தொடங்காமல் 8-இலிருந்து ஏறத் தொடங்கி, 15-ஐத் தொட்டு, 0 வரை இறங்கி, மீண்டும் 7 வரை ஏறி முடிக்க வேண்டும். இரண்டாவதாக, 16 சட்டங்களையும் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. மூன்று அல்லது நான்கு சட்டங்களோடு நிறுத்திக்கொண்டு, மாற்றங்களைச் சுரத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிட்டால், தட்டும் ஓசையோடு டிக் ஓசையும் கரைந்துவிடும். நீளமாக நிற்கும் பகுதி மாசில்லாமல் நிற்கும். மூன்றாவதாக, ஒலியை அடக்குவதற்கு அலையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே போவதைத் தவிர்ப்பது நல்லது. உயரத்தைக் கால் பங்காகக் குறைத்த அலைக்கு நான்கே மட்டங்கள்தான் மிஞ்சும்; ஒலி சிறுத்தாலும் கரகரப்பு பெருகும். உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேற்சுரங்களை மட்டும் சட்டத்துக்குச் சட்டம் குறைத்துக்கொண்டு வந்தால் அடக்கமும் கிடைக்கும், இழைவும் கெடாது. 2001-ஆம் ஆண்டில் வந்த கேம் பாய் அட்வான்ஸில் வேவ் சேனலுக்கு இரண்டு நினைவகத் தொகுதிகள் இருப்பதால், ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் எழுதி மாற்றிக்கொள்ள முடியும். டிக் ஓசையைப் பொறுத்தவரை அது மேலான கருவி. ஆனால் பேஸின் ஆழத்துக்காகப் பழைய சாம்பல்நிறக் கருவியையே தேடிப் பிடிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். என் காதுக்கும் அதுவே உகந்தது.

கட்டுரையில் இடம்பெறாத, ஆனால் நம் பகுதி வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கேம் பாய் மிகவும் நெகிழ்வாகச் செயல்படுவது மந்தர ஸ்தாயியில்தான். அதன் சுரத்தைத் தீர்மானிக்கும் கணக்கு எளிமையானது: வேவ் சேனலில் 65,536-ஐ ஒரு முழு எண்ணால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். 36.7 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்துக்கு அந்த வகுக்கும் எண் 1,786. அதை 1,785 என்று ஒன்று குறைத்தால் சுரம் ஏறுவது, ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அவ்வளவு நுட்பமான அசைவுகளை அடுக்கி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும்போது படிகள் காதுக்குத் தெரிவதே இல்லை. சதுர அலைச் சேனலின் மேல் ஸ்தாயிகளில், 2,093 ஹெர்ட்ஸ் அளவில், ஒரே ஓர் எண் மாறினாலும் அதே தூரத்தில் கால் பங்கு தாவிவிடும். அங்கே கமகம் பிடிக்க முயன்றால் உடைந்து உடைந்துதான் வரும். ஆகவே தோடியின் காந்தாரத்தை அசைத்துக் காட்ட விரும்பும் ஒருவர் இந்தக் கருவியில் அதை மேலே செய்வதைவிடக் கீழே பேஸில் செய்வதே சிறப்பு. லிட்டில் சவுண்ட் டிஜேயில் சுரத்தை வளைக்கும் கட்டளையும், அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கட்டளையும் தனித்தனியே உள்ளன. அவை தாள அலகுக்கு ஒரு முறை மட்டும் இயங்காமல் விரைந்து இயங்கும்படி வைத்துக்கொண்டால் கமகம் நன்கு இழையும். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியில் திருவையாற்றுக்குச் சென்று கேட்கும் காதுகள் உள்ள மாவட்டங்கள் இவை. மேலை நாட்டு இளைஞர்கள் நடன அரங்குகளுக்காக உருவாக்கிக்கொண்ட பேஸ் வகைகளோடு நில்லாமல், அசையும் பேஸ் ஒன்றை நம் பிள்ளைகள் உருவாக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாளத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பலர் வேவ் சேனலிலேயே கீழிறங்கும் சுரத்தால் முரசொலியையும் எழுப்பி, அதிலேயே பேஸையும் நுழைக்கிறார்கள். ஒரே சேனல் ஒரே நேரத்தில் இரண்டையும் வாசிக்காது என்பதால் பேஸ் துண்டு துண்டாகிறது. முதல் சேனலில் சுரம் தானாகச் சரியும் வசதி இருக்கிறது. தொம் என்ற ஒலிக்கு அதுவே போதும். சதுர அலைச் சேனல்களின் ஒலி அளவையும் உச்சமான 15-இல் வைக்காமல் 8 முதல் 10 வரை இறக்கிவைத்தால் பேஸ் தன் இடத்தைப் பெறும்.

இனி என் தொழில் சார்ந்த பகுதிக்கு வருகிறேன். அலையை எவ்வளவு பக்குவமாக வரைந்தாலும், அது கருவியைவிட்டு வெளியேறும் வழி பழுதுபட்டிருந்தால் பேஸ் நம்மை வந்து சேராது. இக்கருவிகளுக்கு முப்பது வயதைக் கடந்துவிட்டது. அவற்றிலுள்ள எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் உள்ளே காய்ந்து கொள்ளளவை இழந்திருக்கும். ஒலி வெளியேறும் பாதையில் உள்ள கண்டென்சர் தன் கொள்ளளவை இழந்தால் முதலில் வெட்டுப்படுவது பேஸ்தான். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வழியாக 32 ஓம் ஹெட்போனுக்கு ஒலி செல்கிறது என்று கொள்வோம். ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி குறையத் தொடங்கும். அதே கண்டென்சர் காய்ந்து 20 மைக்ரோஃபாரடாகச் சுருங்கிவிட்டால் அந்த எல்லை ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. மந்தர ஸ்தாயி முழுவதும் அதற்குள் அமிழ்ந்துபோகும். அத்தகைய கருவியைக் கேட்டுவிட்டு இதில் பேஸ் இல்லை என்று சொன்னால், அந்தத் தனிக் கருவியைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கும். ஆனால் புதுக் கண்டென்சர் ஒன்றை மாற்றினால் மறைந்துவிடும் உண்மை அது. அதே கணக்கின்படி, ஹெட்போனுக்குப் பதிலாகப் பல ஆயிரம் ஓம் தடையுள்ள மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினால், காய்ந்த கண்டென்சரோடும் பேஸ் பெருமளவு திரும்பி வந்துவிடும். பழுது பார்ப்பதற்கு முன் இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

இன்னும் ஒரு படி மேலே செல்ல விரும்புபவர்கள், கருவிக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையருக்கு முன்பாகவே, வால்யூம் கண்ட்ரோலின் கால்களிலிருந்து ஒலியைத் தனிக் கம்பியில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். சிப்டியூன் கலைஞர்களிடையே பரவலான திருத்தம் இது. இரைச்சல் குறைந்து பேஸ் துலக்கமாகும். பற்றவைக்கத் தெரிந்த எந்த ரேடியோ மெக்கானிக்கும் செய்து தரலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் உள்ளவர்கள் பேட்டரி முனைகளிலும் கேசட்டின் செப்புத் தொடுமுனைகளிலும் படிந்திருக்கும் பச்சைக் களிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். மின்சாரம் சீராக வராவிட்டால் ஒலியும் சீராக வராது. கேசட்டுக்குள் சேமிப்புக்காக வைத்திருக்கும் சிறிய வட்டச் செல்லும் தீர்ந்துபோயிருக்கலாம். அப்படியிருந்தால் வரைந்த அலைகள் எல்லாம் அணைத்தவுடன் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேட்கும் பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்கழி விடியலில் நம் தெருக்களில் ஒலிக்கும் கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் குரலைத் தொலைதூரம் கொண்டுசெல்வதற்காக அமைந்தவை. ஆழ்ந்த சுரங்களை அவை தருவதே இல்லை. கைப்பேசியைப் பற்றி முன்பே சொன்னேன். குறைந்தது 10 அங்குலக் கூம்புள்ள நல்ல பாக்ஸில், அல்லது காதை முழுவதும் மூடும் ஹெட்போனில் கேட்ட பிறகே இந்த இசையின் பேஸைப் பற்றி எவரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கட்டுரையாளரின் கருத்து எந்தக் கருவிக்குமே பொருந்தாது என்று நான் சொல்லவில்லை. சேகா நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட கேம் கியர் கருவியின் சதுர அலைகள் ஏறத்தாழ 109 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே செல்ல இரைச்சல் சேனலைத் தந்திரமாகப் பயன்படுத்த வேண்டும், அப்போது கிடைப்பதும் மெலிந்து ரீங்கரிக்கும் ஒலியே. அக்கருவியை முன்வைத்து எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். கட்டுரை எடுத்துக்கொண்டது கேம் பாயை. கேம் பாயைப் பற்றிச் சொன்னது பிழை.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இந்த இசையைப் பற்றி அடுத்து எழுத நேரும்போது, வேவ் சேனலில் முறையாக அமைந்த பேஸை நல்ல பெட்டியில் கேட்டுவிட்டு எழுதும்படி கட்டுரையாளரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். திருவாரூர் வரை வர இயலுமானால் கேட்கச் செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன். மற்றொன்று அச்சு தொடர்பானது. இக்கடிதம் நீண்டுவிட்டதால் தாங்கள் சுருக்க நேரலாம். எந்தப் பத்தியை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் மேலே கொடுத்துள்ள 32 எண்களின் வரிசையில் ஒன்று இடம் மாறினாலும் அந்த இடத்தில் அலை உடைந்து, எந்தக் கரகரப்பைப் போக்கச் சொல்கிறேனோ அதுவே திரும்பி வந்துவிடும் என்பதால், அந்த ஒரு வரியை மட்டும் மெய்ப்புத் திருத்துபவர் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒலிபெருக்கி நிலையம் நடத்தும் வாசகர்,
திருவாரூர்.